இயக்குநரின் எண் சற்றே சிறியது

“கணக்கு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“எந்த அளவுக்குத் தெரியாது?”

மெக்கானிக் யோசித்தார். ஃப்ரிட்ஜ் எந்த அளவுக்குக் குளிரவில்லை என்று அவர்தான் மற்றவர்களைக் கேட்டுப் பழக்கம். தெரியாததற்கு அளவு சொல்லும்படி அவரை யாரும் கேட்டதில்லை.

“பள்ளிக்கூடத்துல கணக்குப் பீரியடுன்னா என்னை வெளியில நிக்க வெச்சிடுவாங்க.”

“வெளியே நின்றபோது உள்ளே நடத்தியது காதில் விழுந்ததா?”

“நான் மைதானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேங்க.”

“மிக நன்று.” செயலாளர் குறித்துக்கொண்டார். “பதினேழையும் எட்டையும் கூட்டுங்கள், பார்ப்போம்.”

“போன்ல கால்குலேட்டர் இருக்கு. எடுக்கட்டுமா?”

செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். மெக்கானிக்குக் கணித அறியாமைச் சான்று கிடைத்துவிட்டது. இனி பகா எண் கழகத்தின் விசாரணையில் அவர் தம் அக்காவின் எண்ணுக்காக வாதாடலாம்.

“எங்கக்காவே வந்து பேசினா நல்லா இருக்குமேங்க. அது கண்டுபிடிச்ச எண்ணு. அதுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“அதுதானே சிக்கல். எல்லாம் தெரிந்தவர் எப்படி நடுநிலையாகப் பேசுவார்? கணக்கு தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவோடு வருகிறார்கள். விசாரணைக்கு அது நல்லதில்லை.”

“அப்ப நீங்கல்லாம் கணக்கு தெரிஞ்சவங்க இல்லீங்களா?”

“நாங்கள் நிர்வாகம்,” என்றார் செயலாளர்.

விஷயம் இதுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று சின்னதாக இருக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. பெரிதாகப் போகப் போக ஒன்று அகப்படுவதற்குள் ஆயுசில் பாதி போய்விடும். மெக்கானிக்கின் அக்காவுக்கு அப்படித்தான் போயிற்று. கழகத்தில் ஆய்வாளராக இருந்து, இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்து, பகுமா பகாதா என்று பார்த்துப் பார்த்து, ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால் ஓர் எண்ணைப் பிடித்தாள். லட்சக்கணக்கான இலக்கங்கள். கழகம் அதுவரை கண்ட பகா எண்களில் அதுவே பெரியது. கழகத்தின் முன்கூடத்தில் ஒரே ஒரு கல் பதிக்க இடமுண்டு. மிகப் பெரிய எண்ணுக்கும் அதைக் கண்டவருக்கும் அந்த இடம். அக்காவின் பெயர் அங்கே ஏறியது.

இப்போதைய இயக்குநரும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்திருந்தார். அதாவது, கண்டுபிடிக்கும்படி உத்தரவிட்டிருந்தார். நல்ல எண். பழுதில்லாத பகா எண். அக்காவின் எண்ணைவிடச் சற்றே சிறியது என்பதைத் தவிர அதில் குறையே கிடையாது. ஆனால் புதுக் கல் செதுக்கியாகிவிட்டது, விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இதைவிடப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இருக்கிற பெரிய எண்ணை நீக்க ஒரு கூட்டம் போதும்.

ஆகவே அக்காவின் எண் வகுபடுவதாகக் கழகத்துக்கு ஐயம் எழுந்தது.

விதிப்படி, விசாரணைக்கு முன், வாதாட வரும் உறவினர் எண்ணை நேரில் பார்வையிட வேண்டும். மெக்கானிக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து எண் அறைக்குள் அழைத்துப் போனார்கள். அலமாரி அலமாரியாகத் தடித்த புத்தகங்கள். எல்லாவற்றிலும் இலக்கங்கள். உள்ளே பல் கிட்டும் குளிர்.

“எதுக்குங்க இவ்ளோ கூலிங்கு? எண்ணு கெட்டுப்போயிடுமா?”

“கவனிக்காமல் விட்டால் எதுதான் கெடாது?” என்றார் செயலாளர்.

அந்தக் கட்டடத்தில் மெக்கானிக்குப் புரிந்த முதல் பேச்சு அதுதான். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். இலக்கங்கள் எறும்பு போல ஊர்ந்தன. மரியாதையாக மூடி வைத்தார்.

“எண் எப்படி இருக்கிறது?”

“நல்லா இருக்குங்க.”

“ஏதாவது தளர்ச்சி, சோர்வு தெரிந்ததா?”

“எனக்குத் தெரியலைங்க.”

“‘தளர்ச்சி இல்லை என்று உறுதியாகக் கூற இயலவில்லை’,” என்று எழுதிக்கொண்டார் செயலாளர்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“டேய், அதை ஒரு பஸ் டிக்கெட் பின்னால எழுதிடலாம்டா. ரெண்டு, அது தலைமேல ஒரு அடுக்கு, கழித்தல் ஒண்ணு. முடிஞ்சுது.”

“பின்ன எதுக்கு அத்தனை அலமாரி?”

“அலமாரியைத் துடைக்கிறதுக்கு ஆள் போட்டுட்டாங்கல்ல. அவங்களை என்ன பண்றது?”

“அக்கா, நெஜமாவே அது எதாலயும் வகுபடாதா?”

“வகுபடுதுன்னா எதாலன்னு ஒரு எண்ணைக் காட்டச் சொல்லு. வகுத்துப் பாத்துட்டு நானே போய்க் கல்லைப் பேத்து எடுத்துடறேன். இது ஒண்ணு மட்டும் கேளு. வேற ஒண்ணும் பேசாத.”

“பேரு போயிடுமேன்னு கவலையா இருக்காக்கா?”

“பேரு போனாப் போகுது. எடுக்கறப்போ சும்மா எடுக்க மாட்டாங்கடா. ‘பொய்யான எண்ணைக் கொடுத்தவர்’னு பதிவு பண்ணி வெப்பாங்க. அதான் விதி. நான் சோம்பேறின்னு எழுதட்டும், சிடுமூஞ்சின்னு எழுதட்டும், ஒத்துக்கறேன். பொய்க்காரின்னு எழுதக் கூடாது.”

அவள் சிரிப்பு நின்றிருந்தது.

மறுநாள் முதல் அமர்வு. மேடையில் இயக்குநர், அவருக்கு வலப்புறம் செயலாளர், இடப்புறம் வகுக்கும் எண்ணைத் தேடுவதற்கென்று அமைத்த துணைக்குழுவின் தலைவர். மெக்கானிக் அக்கா சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுவிட்டார்.

“ஐயா, எதால வகுபடுதுன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்.”

கூடத்தில் சலசலப்பு. துணைக்குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அது இரகசியம். வெளியிட்டால் கண்டவர்களும் வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.”

“ஒரே ஒரு எண்ணு சொன்னாப் போதுங்க.”

“ஒன்றென்ன, இரண்டு சொல்கிறேன். குழு பலமுறை கூடி ஆராய்ந்ததில் இந்த எண் ஒன்றால் மீதியின்றி வகுபடுகிறது. ஐயத்துக்கு இடமேயில்லை. மேலும் அதிர்ச்சி தரும் வகையில், தன்னாலேயே வகுபடுகிறது.”

“தன்னாலேயேவா!” என்றார் இயக்குநர் வருத்தத்துடன்.

மெக்கானிக் பதறிப்போய் வெளியே ஓடி அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, கண்டுபிடிச்சிட்டாங்க! ஒண்ணால வகுபடுதாம். அதுவே அதை வகுக்குதாம்!”

மறுமுனையில் சிரிப்பும் இருமலும் மாறி மாறிக் கேட்டன. “எல்லா எண்ணும் அப்படித்தான்டா மண்டு. அது ரெண்டையும் தவிர வேற எதாலயும் வகுபடலைன்னாத்தான் அதுக்குப் பேரே பகா எண். போய்ச் சொல்லு.”

மெக்கானிக் போய்ச் சொன்னார். துணைக்குழுத் தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இந்த விளக்கத்தை யார் தந்தார்கள்?”

“எங்கக்காதாங்க.”

“பார்த்தீர்களா? வகுபடுவதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.”

செயலாளர் எழுந்தார். “எனக்கு ஒரு கேள்வி உண்டு. இந்த எண்ணைச் சோதிக்கக் கணினியை வாரக்கணக்கில் ஓட விட்டிருக்கிறார்கள். கடைசியில் என்ன விடை வந்தது என்று உறவினருக்குத் தெரியுமா? சுழியம்! இவ்வளவு செலவழித்து ஒன்றுமே வரவில்லை. இதைச் சாதனை என்று கல்லில் வேறு பொறித்திருக்கிறோம்.”

அந்தச் சோதனையில் சுழியம் வந்தால்தான் அது பகா எண், வேறு எது வந்தாலும் இல்லை என்பது அந்தக் கூடத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். அந்தப் பாதிப்பேரும் கைதட்டினார்கள். மீதிப்பேர் அவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஆனால் வகுக்கும் எண் கிடைக்காமல் கல்லைப் பெயர்க்கக் கழகத்தின் விதி இடம் தரவில்லை. துணைக்குழுத் தலைவர் விதிப்புத்தகத்தை மேலும் கீழும் புரட்டினார். ஒரு வழி இருந்தது. ஓர் எண் கழகத்தில் ஏற வேண்டுமானால், கண்டவரைத் தவிர இரண்டு பேர் தனித்தனியாக, வெவ்வேறு கணினியில், அதை மறுபடி ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தம் சரிபார்ப்பைத் திரும்பப் பெற்றால், காரணம் கேட்காமலே எண் விழுந்துவிடும்.

அக்காவின் எண்ணைச் சரிபார்த்தவர்களில் ஒருவரை அக்கா ஒட்டடை என்றுதான் கூப்பிடுவாள். ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று இருப்பார். யாராவது உரக்கத் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். இன்னொருத்தி மெக்கானிக்கின் மகள் குட்டி. தாய் போன பிறகு அத்தையின் மடியிலேயே வளர்ந்து, அத்தையின் கழகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள்.

“ஒட்டடைதான் கவுப்பான்,” என்றாள் அக்கா அன்று சாயங்காலம். “நல்லவன்தான். ஆனா அவனை யாராவது முறைச்சா, தான் பொறந்ததையே வாபஸ் வாங்கிடுவான்.”

“குட்டி இருக்காளேக்கா.”

“குட்டியைப் பத்தி நான் பேசலையே. அவ பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்க வேண்டியதில்லை.”

குட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க இயக்குநர் உன்னைக் கூப்பிட்டாராமே, என்ன சொன்னார்?” என்று கேட்டார் மெக்கானிக்.

“ஒண்ணுமில்லப்பா. வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேட்டார்.”

“அவ்ளோதானா?”

“டீ குடுத்தார்.”

“அவன் டீ குடுத்தானா?” என்றாள் அக்கா. “நான் இருந்தவரைக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. ஜாக்கிரதைடி.”

“சரி அத்தை,” என்றாள் குட்டி. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

இறுதி அமர்வில் இயக்குநர் பேசினார். எழுதி வைத்துக்கொள்ளாமலே பேசினார்.

“நான் இந்த எண்ணின் எதிரியல்ல. அதன் அளவின்மேல் எனக்குப் பொறாமையும் இல்லை. அளவு என்ன அளவு? ஆனால் ஒன்று கேட்கிறேன். யாராலும் வகுபட மாட்டேன் என்று ஓர் எண் அடம்பிடிப்பது என்ன பண்பு? இரண்டு வந்து கேட்டது, மறுத்தது. மூன்று கேட்டது, மறுத்தது. கோடிக்கணக்கான எண்கள் வாசலில் வந்து நின்றன, ஒன்றுக்குக்கூட இணங்கவில்லை. இதையா இளம் ஆய்வாளர்களுக்கு முன்னுதாரணமாகச் சுவரில் வைப்பது? என்னைப் பாருங்கள். இந்தக் கழகத்தில் சேர்ந்த நாள் முதல் எனக்கு மேலிருந்த ஒவ்வொருவராலும் நான் வகுபட்டிருக்கிறேன். மீதியின்றி! அதனால்தான் இன்று இந்த நாற்காலியில் இருக்கிறேன். என் எண்ணும் பகா எண்தான். ஆனால் அதற்குப் பணிவு உண்டு. நிர்வாகம் கேட்டுக்கொண்டால் அது வகுபடத் தயங்காது என்று எனக்கு உறுதியளித்திருக்கிறார்கள்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஒட்டடையை அழைத்தார்கள்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையே ஆடியது.

“உங்கள் சரிபார்ப்பைத் திரும்பப் பெறுகிறீர்களா?” என்றார் செயலாளர்.

“மன்னிக்கணும்,” என்றார் ஒட்டடை.

“பெறுகிறீர்கள்.”

“இல்ல... மன்னிக்கணும். பெறலை.”

“உடல்நலம் சரியில்லையா?”

“சரியில்லைதாங்க. கையெல்லாம் நடுங்குது. ஆனா நான் ஓட்டிப் பாத்தது சரியாத்தான் வந்தது. தப்பா வந்ததுன்னு நான் எப்படிங்க சொல்றது? மன்னிக்கணும்.”

“நாளையிலிருந்து நீங்கள் எங்கே அமர்வீர்கள் என்று யோசித்தீர்களா?”

“அலமாரி துடைக்கிற எடத்துல ஒரு ஸ்டூல் இருக்குங்க,” என்றார் ஒட்டடை. கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்காம் முறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்தாயிற்று என்று நினைத்தார். பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் தொடையைத் தட்டி, “அடுத்தது எம்பொண்ணுதாங்க,” என்றார்.

குட்டி எழுந்து வந்தாள். அப்பா பக்கம் பார்க்கவில்லை. கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட விடவில்லை.

“என் சரிபார்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். அக்காவின் எண் வகுபட்டுவிட்டது. பதிவும் அங்கேயே ஆயிற்று. செயலாளர் அதை உரக்க வாசித்தார். பொய்யான எண்ணைக் கொடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உறவினர் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியது. அதற்கும் கைதட்டினார்கள். மெக்கானிக்கும், எல்லாரும் தட்டுகிறார்களே என்று, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

மாடிப்படித் திருப்பத்தில் மகளைப் பிடித்தார்.

“கண்ணு, எதால வகுபடுது?”

“எதாலயும் இல்லப்பா.”

“அப்ப நீ ஓட்டிப் பாத்தது தப்பா?”

“சரிதான்.”

“அப்புறம்?”

“சரிபார்ப்புப் பிரிவுக்கு என்னைத் தலைவியாப் போடறாங்க. இல்லேன்னா அந்தப் பிரிவையே மூடிடுவாங்களாம். அப்பா, இப்படிப் பாக்காதீங்க. எண்ணுக்கு ஒண்ணும் ஆகலைப்பா. இவங்க என்ன தீர்மானம் போட்டாலும் அது நாளைக்கும் பகா எண்தான். உலகம் அழிஞ்சாலும் அதை யாரும் வகுக்க முடியாது. அத்தைக்கே இது தெரியும்.”

“எண்ணுக்கு ஒண்ணும் ஆகலை, சரி. அத்தையைப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்களேம்மா.”

மேலே யாரோ குட்டியைப் புதுப் பதவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டென்று திரும்பினாள். அதற்குள் பழகிவிட்டது.

வீட்டில் அக்கா வாசல் பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“போயிடுச்சா?”

“ம்.”

“எழுதிட்டாங்களா?”

“ம்.”

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒட்டடைதானே?”

மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பை நேராக வைத்தார். இன்னொன்றையும் நேராக வைத்தார்.

“உன்னைத்தாண்டா கேக்கறேன். ஒட்டடைதானே வாபஸ் வாங்கினான்?”

“ஆமாக்கா,” என்றார் மெக்கானிக்.

“எனக்குத் தெரியும். எத்தனை தடவை இந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கான்! பயம்னா அப்படி என்னடா பயம்? என்னைப் பொய்க்காரின்னு எழுதறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தானா?” அவள் குரல் உடைந்தது. “இனிமே அவன் இந்த வாசப்படி ஏறக் கூடாது. ஏறினான்னா நான் இருக்க மாட்டேன்.”

பின்னாலேயே குட்டி உள்ளே வந்தாள். அக்கா எழுந்துபோய் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பாவம், தனியா நின்னியா? மொகமெல்லாம் வாடிப்போச்சே. விடு. நீ ஒருத்தி நின்னியே, அது போதும் எனக்கு.”

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விஷயம் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. எப்போதுமே சூட்டிகையான பெண்.

“விடுங்க அத்தை,” என்றாள். “உங்களுக்காகத்தானே.”

இயக்குநரின் கல் குறித்த நாளில் ஏறியது. கழகம் கண்ட மிகப் பெரிய பகா எண் என்று அதில் பொறித்திருந்தார்கள். கழகம் அப்போது முன்பைவிடச் சற்றே சிறிய எண்ணைக் கண்டிருந்தது. அதை முன்னேற்றம் என்று செயலாளர் வருணித்தார்.

அந்த வாரக் கடைசியில், வெயில் கொளுத்துகிற நேரம், வாசல் மணி அடித்தது. மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தார். ஒட்டடை நின்றுகொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

“மன்னிக்கணும். போன்லயே சொல்லிட்டு வந்திருக்கணும். மேடம் எடுக்கவே மாட்டேங்கறாங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு...”

மெக்கானிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு குறுக்கே நின்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “யாருடா அது?”

ஒட்டடையின் முகம் மலர்ந்தது. நல்லாத்தான் இருக்காங்க என்பது போலத் தலையை ஆட்டினார். மெக்கானிக்கின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். கூடத்தில் குட்டி நின்றுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் மெல்ல நகர்ந்து சுவருக்குப் பின்னால் போய்விட்டாள்.

“யாருடான்னா? காது கேக்கலையா?”

“யாரோ விலாசம் கேக்கறாங்கக்கா,” என்றார் மெக்கானிக். ஒட்டடையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வேறெங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒட்டடை மூடிக்கிடந்த பாதிக் கதவைப் பார்த்தார். குட்டி நின்ற இடத்தைப் பார்த்தார். பழப்பையைப் படியில் வைக்கப் போனவர், யோசித்து, மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

“சரிங்க,” என்றார், உள்ளே கேட்கும்படி, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. “மன்னிக்கணும். தெருவு தப்பி வந்துட்டேன் போலிருக்கு. நான் அந்தப் பக்கம் விசாரிச்சுக்கறேன்.”

அவர் படியிறங்கித் தெருவில் நடந்தார். மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“பாவம்டா, இந்த வெயில்ல அலையறாங்க,” என்றாள் அக்கா. “ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேட்டியா நீ?”